பேச வந்தவர்கள் கேட்ட காலம்

1544 ஆகஸ்டு மாதம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் சேசு சபைக் குரு சவேரியார் இருக்கிறார். சுற்றிலும் ஊர் ஜனம். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை. தமிழும் போர்ச்சுக்கீசும் தெரிந்து இரு தரப்புக்கும் நடுவில் நின்ற உதவியாளர் உடம்பு முடியாமல் மணப்பாட்டில் படுத்துவிட்டார். வந்திருப்பவரோ பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தத்துவம் கற்பித்தவர். வயது முப்பத்தெட்டு. அவ்வளவு படிப்பும் அன்று அவர் நாவுக்கு உதவவில்லை.

தன் தோழர் மான்சிலாசுக்கு அப்போது எழுதிய சிறு கடிதத்தில் அந்த நிலையை அவர் மறைக்கவில்லை. இவர்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை, நான் பேசுவது இவர்களுக்கு விளங்கவில்லை, என் பாடு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாரும் என்கிற தொனியில் எழுதுகிறார். அதற்கடுத்து அவர் சொல்வதில்தான் என் மனம் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஏழைகள் தங்கள் இல்லாமையை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எனக்குத் தெரிவித்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிடுகிறது. இதுதான் அதன் சாரம்.

கடவுளைப் பற்றிப் பேசுவதற்காகக் கடல் கடந்து வந்த ஒருவர், பேச முடியாமல் போன இடத்தில் எழுதியது இது. உபதேசம் நின்றுவிட்டது. கண் மட்டும் வேலை செய்தது. எதிரே நிற்பவனின் ஒட்டிய வயிறும், கந்தலும், கையேந்தும் விதமும் அவருக்கு எழுத்தாகத் தெரிந்தன. ஒரு போதகரின் பயிற்சி உண்மையில் எங்கே தொடங்குகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

இதைச் சொல்லத் தூண்டியது இன்றைய உலகில் நடக்கும் ஒரு காரியம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரோவோ என்ற ஊரில், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை ஒரு பெரிய பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. மார்மன்கள் என்றால் பலருக்கும் தெரியும். பதினெட்டு வயது நிரம்பிய பையன்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் ஒன்றரை ஆண்டும் சபைப் பணிக்குத் தங்களைக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பது அவர்கள் கையில் இல்லை. தலைமையிடத்திலிருந்து வரும் அழைப்பில்தான் ஊரின் பெயரே தெரியவரும். புது மொழி வேண்டியவர்கள் சில வாரங்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். படிக்கும் மொழியிலேயே தங்களுக்குள் பேசிக்கொள்ள முயல வேண்டும் என்பது அங்கே ஓர் ஒழுங்கு. எங்கே போனாலும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். அயல்நாட்டில் இறங்கியதும் முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு, முன்னமே வந்து பழகிய ஒருவர் பயிற்றுநராகக் கூடவே இருப்பார். 2019 வரைக்கும் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவதுகூட ஆண்டுக்கு இரண்டே முறைதான்.

அந்தச் சபையின் கோட்பாடுகள் எனக்குரியவை அல்ல. ஆனால் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையும் அணிந்து, தெரியாத நாட்டின் தெருவில் நிற்கும் அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரக்கமும் மரியாதையும் ஒருசேர வருகின்றன. வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஊரார் பேசும் வேகத்தில் பாதிச் சொல்கூடப் பிடிபடாது. ஊரில் நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன் இங்கே மூன்று வயதுப் பிள்ளையைப் போல ஒற்றைச் சொல்லுக்குத் தவிப்பான். அவன் எதைச் சொல்ல வந்தான் என்பதைவிட, அந்தத் தவிப்பு அவனை என்ன செய்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதே சபையார் 1853இல் சென்னைக்கும் வந்திருக்கிறார்கள். ரிச்சர்டு பாலன்டைன் என்பவரும் தோழர்களும் கையில் பணமில்லாமல் நம்பிக்கையை மட்டும் கொண்டு வந்து இறங்கினார்கள். பாலன்டைன் ஏறத்தாழ ஓராண்டில் கப்பலேறிவிட்டார். அவர்கள் பழகியது பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய வட்டத்தோடு. தமிழுக்குள் அவர்கள் கால் வைக்கவே இல்லை என்று சொல்லலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓராண்டு என்பது ஒரு கரை நம்மைத் தன் பிள்ளையாக ஏற்க எந்த விதத்திலும் போதாத காலம்.

முத்துக்குளித்துறைக்கு வருவோம். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று நீளும் கரை இது. 1530களின் நடுவில் இங்கிருந்த பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் யாருக்கு உரிமை என்ற சண்டையில் உயிருக்கும் தொழிலுக்கும் காவல் தேடிப் போர்ச்சுக்கீசியரிடம் போன ஒரு சமூகம் அது. காவலுக்கு விலையாக வேதத்தை ஏற்றது. போர்ச்சுக்கீசியருக்கோ முத்தின் மீது பிடி கிடைத்தது. இதை மூடி மறைத்துவிட்டு இந்தக் கரையின் பக்தியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தண்ணீர் ஊற்றியவர்கள் போய்விட்டார்கள். ஜெபம் சொல்லித்தர ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடின. 1542 அக்டோபரில் சவேரியார் வந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த மக்களும், அவர்கள் மொழி தெரியாத ஒரு குருவும் எதிரெதிரே நின்றார்கள்.

அவர் செய்த முதல் காரியம் உதவி கேட்டது. இந்தக் கரையிலேயே பிறந்து கோவாவில் படித்த இளைஞர்கள் மூவர் அவரோடு வந்திருந்தார்கள். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களையும் கூட்டிவைத்து, பல நாள் உட்கார்ந்து, ஜெபங்களைத் தமிழாக்கினார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். அவர் சொல்ல, அவர்கள் திரும்பச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் அப்பன் ஆத்தாளுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளி வீடுகளிலிருந்து கூப்பிட்டனுப்பும்போது தன்னால் எல்லா இடத்துக்கும் ஓட முடியாமல், அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் படுக்கையருகே நின்று ஜெபம் சொன்னார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. பெரியவரின் உச்சரிப்பு நிச்சயம் கோணலாக இருந்திருக்கும். தமிழின் ழகரமும் றகரமும் அயல் நாவுக்கு அவ்வளவு சுலபத்தில் வசப்படுவதில்லை. பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், திருத்தியும் இருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்தச் சொல்லைத் திருத்தியது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் உள்ளும் புறமும் அவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரவல் வாங்கிய சொற்களில் அவர் கடவுளைத் துதித்தார்.

இந்தக் கரையே பிற்பாடு நானூறு ஆண்டுகள் அதன் மறுபக்கத்தைச் செய்தது. 1960களில் வத்திக்கான் சங்கம் தாய்மொழிப் பூசைக்கு வழிதிறக்கும் வரை, கரையோரக் கோயில்களில் நம் மக்கள் பொருள் தெரியாத லத்தீனில் குருவுக்கு மறுமொழி சொன்னார்கள், பாடினார்கள், அழுதார்கள். பக்கத்துத் திருச்செந்தூரில் சமஸ்கிருத அர்ச்சனைக்குக் கைகூப்பி நிற்கும் கிராமத்துப் பாட்டிக்கும் ஒவ்வொரு நாமத்தின் பொருளும் தெரியாது. பொருள் தெரிந்து சொல்வது நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தனக்குப் பிடிபடாத சொல்லை நம்பிக்கையோடு வாயில் ஏந்திக்கொள்வதில் ஒரு பணிவு இருக்கிறது. என் அறிவு எட்டிய அளவுக்கு மட்டும்தான் வணங்குவேன் என்று அது பேரம் பேசுவதில்லை.

மான்சிலாசுக்கு அந்த ஓராண்டில் சவேரியார் எழுதிய குறுங்கடிதங்கள் இருபதுக்கும் மேல். மணப்பாட்டிலிருந்து ஒன்று, புன்னைக்காயலிலிருந்து ஒன்று, ஆலந்தலையிலிருந்து ஒன்று என்று கரை நெடுகிலும் நடந்துகொண்டே எழுதியவை. புதிதாகப் பணிக்கு வந்த ஒருவருக்குக் கூடவே நடக்கும் மூத்தவர் என்ன சொல்வாரோ அதுதான் அவற்றில் இருக்கிறது. ஒரே ஊரில் தங்கிவிடாதீர். வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளை விசாரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒருநாளும் விடாதீர். இந்த மக்களிடம் பொறுமையாக இரும். ஒரு நல்ல தகப்பன் சொல்கேளாப் பிள்ளைகளைத் தாங்குவதுபோல் தாங்கும். அவர்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும், நேசித்தால் பாதி வேலை ஆயிற்று.

அவற்றில் எனக்கு ஒப்பாதவையும் உண்டு. சாராயம் குடிக்கும் பெண்களைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பணம், அகப்பட்டவர்களுக்குச் சிறை என்றெல்லாம் கடுமையாக எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது நெஞ்சு சுருங்குகிறது. அதே கடிதங்களில் போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் இந்த மக்களுக்குச் செய்யும் கொடுமையைக் கண்டு கொதிக்கிறார்; இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வேறு தேசத்துக்குப் போய்விடலாம் என்று மனம் வெறுத்து எழுதுகிறார். அரசின் பாதுகாப்பில் வந்தவர், அந்த அரசின் முகத்தைக் கரையிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். கரையில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தப் பார்வை வரும்.

மான்சிலாஸ் பெரிய படிப்பாளி இல்லை. சில ஆண்டுகளில், சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்பதற்காகச் சேசு சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஆனாலும் அந்தத் துண்டுக் கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. பயிற்சியில் தோற்றவர் என்று ஏடுகளில் பதிவான ஒருவர் பத்திரப்படுத்தியதால்தான் இன்று அவை நம் கைக்குக் கிடைக்கின்றன. அவருக்காக நான் மனதார நன்றி சொல்கிறேன்.

இந்தக் கரையில் முழுமையாகப் பயின்றவர் என்று நான் கருதுவது வேறொருவரை. என்றிக்கே என்றிக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் சொல்வார்கள். போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் 1520இல் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம். அந்தக் காரணத்தாலேயே பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. பிறகு 1545இல் சேசு சபையில் சேர்ந்து, 1546இல் கோவா வந்து, 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். வயது இருபத்தேழு. உடம்பும் அவ்வளவு திடமில்லை. தன் நாட்டில் இரத்தத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட இளைஞர், தன் மொழி எதுவும் செல்லாத ஒரு கரையில் வந்து நின்றார்.

1548 அக்டோபர் கடைசியில் வேம்பாற்றிலிருந்து அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மொழி நமக்கு வராது என்று தொடக்கத்தில் கைவிட்டுவிட்டதைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்றிருந்தார். பிறகு ஏதோ ஒன்று அவரை மாற்றியது. வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எப்படி முடிகின்றன என்று காதால் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினார். இரவும் பகலும் அதே வேலை. சில மாதங்களில் மக்கள் வியக்கும்படி பேச ஆரம்பித்தார். அந்த உழைப்பு ஒரு தமிழ் இலக்கணமாகவே வளர்ந்தது. அதன் கையெழுத்துப்படி இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் அதை ஆங்கிலமாக்கி 2013இல் வெளியிட்டார்கள். அது பண்டிதர் தமிழின் இலக்கணம் இல்லை. வலை இழுக்கிறவனும் கருவாடு விற்கிறவளும் பேசிய பேச்சு அதில் பிடிபட்டிருக்கிறது. ஒவ்வொரு வினைமுற்றுக்குப் பின்னாலும், 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று அவர் கேட்டு, சலிக்காமல் இன்னொரு முறை சொன்ன ஒருவர் இருக்கிறார்.

1549 ஜனவரியில் சவேரியார் ரோமுக்கு எழுதும்போது, தமிழைப் பேசவும் எழுதவும் வல்ல இவர் இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறார், மக்கள் இவரை மிகவும் நேசிக்கிறார்கள் என்கிறார். அதே ஆண்டில் வேதாளையில் நடந்த மோதலில், இந்தக் கரையிலிருந்த சேசு சபையாரின் தலைவர் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். பொறுப்பு என்றிக்கஸ் தோளுக்கு வந்தது. அடிகளார்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசிக்கொள்ள வேண்டும், மீறினால் சிறு தவம் செய்ய வேண்டும் என்று ஓர் ஒழுங்கை அக்காலத்தில் கடைப்பிடித்தார்கள். பிரோவோவில் இன்று பையன்கள் படும் அதே பாடு. களைத்துப்போன இரவில் இருவர் தங்கள் தாய்மொழியில் நாலு வார்த்தை பேசி ஆறுதல் தேடுவதைக்கூட விட்டுக்கொடுப்பது என்றால் அது சாதாரணத் துறவு இல்லை. சொத்தைத் துறந்தவர்கள் பலர். தன்னைக் கெட்டிக்காரனாகக் காட்டும் மொழியைத் துறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நம் மரபில் மௌனத்துக்குப் பெரிய இடம் உண்டு. அருணகிரியாருக்கு முருகன் சும்மா இருக்கச் சொன்னதாகப் படிக்கிறோம். ரமணர் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து நெடுங்காலம் பேசாதிருந்தார். வீடுகளில்கூட வாரம் ஒருநாள் மௌன விரதம் என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் விரும்பி ஏற்ற மௌனம். அடிகளாருக்கு வாய்த்ததோ வந்து விழுந்த மௌனம். விரும்பி ஏற்றதில், நான் மௌனம் காக்கிறேன் என்ற நினைப்பு ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. வந்து விழுந்ததில் பெருமைக்கு இடமே இல்லை. எதிரே உள்ளவர்கள் நம்மை ஞானி என்று எண்ணமாட்டார்கள், ஒன்றும் தெரியாதவன் என்றே எண்ணுவார்கள். அந்த எண்ணத்தின் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கப் பழகுவது ஒரு சாதனை.

என்னைப் பற்றிச் சொன்னால், நான் ஜெபத்தில் அதிகம் பேசுகிறவன். கேட்க வேண்டியதைக் கேட்டு, விளக்க வேண்டியதை விளக்கி, எழுந்துவிடுவேன். வேம்பாற்றுக் கடிதத்தைப் பற்றி யோசித்த பிறகு, சொல் எழாத நேரங்களைப் பயப்படாமல் விட்டுவைக்கிறேன். அந்நேரம் பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது, தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதுகிறது. முன்பு இவை இடைஞ்சலாகத் தெரிந்தன. இப்போது, எனக்குச் சொல்லப்படுவது இவற்றின் வழியாகவும் வரலாம் என்று காதைக் கொடுக்கிறேன்.

தாமிரபரணியில் கொஞ்சம் மேலே போனால் ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். என்றிக்கஸ் மறைந்ததற்குப் பிந்திய தலைமுறைக் காலம். ஐந்து வயது வரை அந்தப் பிள்ளை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் மரபு சொல்கிறது. வளர்ந்து தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரைக் குருவாக அடைந்தார். குரு அவரைக் காசிக்கு அனுப்பினார். அங்கே முகலாய ஆட்சியாளரிடம் பேசி மடத்துக்கு இடம் பெற வேண்டும். பேச இந்துஸ்தானி தெரியாது. ஊமையாக இருந்து பேச்சைப் பெற்றவர், இரண்டாம் முறையாக ஊமையானார். அப்போது கலைமகளை வேண்டிப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை என்பார்கள். மொழி வசப்பட்டது, காசியில் கேதார கட்டத்தில் மடம் எழுந்தது. இன்றும் அங்கே இருக்கிறது.

ஒருவருக்கு அருளால் மொழி வந்தது என்கிறோம், மற்றவருக்கு உழைப்பால். எனக்கு அந்தப் பிரிவினை அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. அயல் ஊரில் நாவு கட்டுண்டு நிற்பவனுக்கு ஒவ்வொரு சொல்லும் பிறர் தந்தால்தான் உண்டு. அதைத் தருபவர் தேவியாக இருந்தாலும் தெருவில் போகும் சிறுமியாக இருந்தாலும், வாங்குகிறவன் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். காசியில் அந்தத் தமிழ்த் துறவியும் புன்னைக்காயலில் இந்தப் போர்ச்சுக்கீசியத் துறவியும் ஒரே ஆற்றங்கரையின் பிள்ளைகள். ஒருவர் இங்கிருந்து புறப்பட்டுப் போய்ப் பேச்சற்றவரானார், மற்றவர் பேச்சற்றவராக இங்கே வந்து சேர்ந்தார்.

முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பு இருக்கிறது. அன்றைய முத்துக்குளிப்பில் காலில் கல் கட்டி இறங்குவார்கள். கல்லின் பாரம் ஆளைக் கடலடிப் பாருக்குக் கொண்டுபோகும். இடுப்பில் சிப்பி அள்ள வலைப்பை. மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். இன்று சங்குக்குப் போகிறவர்களுக்குப் படகிலிருந்து காற்றுக் குழாய் போகிறது. குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகக்கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்து, சாய்ந்து விழுந்து மறைவார்கள். மேலே இருப்பவர் வேறு எதையும் பார்க்கமாட்டார். குழாய் மடங்கக்கூடாது, இயந்திரம் நிற்கக்கூடாது. கீழே இருப்பவர் சுண்டினால் மேலே தெரிய வேண்டும். பழைய நாளில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்கு அவன்தான் காவல் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீருக்கடியில் போனவனுக்குப் பேச்சு கிடையாது. அவன் உயிர் மேலே உள்ளவனின் கவனத்தில் இருக்கிறது. தமிழுக்குள் இறங்கிய என்றிக்கஸை நினைக்கும்போது, கயிற்றைப் பிடித்திருந்தது யார் என்ற கேள்வி எனக்கு வருகிறது.

அவர் கரைக்குப் போதிக்க வந்தார் என்று வரலாறு எழுதுகிறது. கரை அவரை வளர்த்தது என்பதும் வரலாறுதான், அதை எழுதத்தான் ஆளில்லை. சோறு போட்டவர்கள், காய்ச்சலில் கஞ்சி வைத்தவர்கள், உச்சரிப்பைத் திருத்தியவர்கள், தவறாகச் சொன்ன சொல்லுக்கு முகம் சுளிக்காமல் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தவர்கள். அவர் கடிதங்களில் ஒரு யோகியும் வருகிறார். கடவுள் ஒருவரே என்பதைப் பற்றி இருவரும் நட்போடு பேசியிருக்கிறார்கள். அந்த யோகி பின்னர் வேதத்தில் சேர்ந்தார் என்ற செய்தியைவிட, இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும் அளவுக்கு ஒரு பொதுப் பேச்சு பிறந்துவிட்டதே என்பதுதான் எனக்கு நிறைவாக இருக்கிறது. புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனையும் ஏற்படுத்தினார். சவேரியார் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரிந்துகொண்ட அதே இல்லாமைக்கு அது ஒரு மறுமொழி.

1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. பதினாறு பக்கம். இந்திய மண்ணில் ஓர் இந்திய மொழியின் எழுத்தில் அச்சான முதல் நூல். 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம். 1586இல், அறுநூறு பக்கங்களைத் தாண்டும் அடியார் வரலாறு. எழுத்து வார்க்கவும் அச்சிடவும் இந்தக் கரை மக்கள் காணிக்கை கொடுத்திருக்கிறார்கள். மூச்சடக்கிச் சம்பாதித்த பணம். பின்னாளில் இராசமாணிக்கம் அடிகளார் அடியார் வரலாற்றைத் தேடியெடுத்து, 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக மறுபடி அச்சிட்டார். வேம்பாற்றில் வாய் திறக்க முடியாமல் தவித்தவரின் தமிழ், ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து அதே கரைக்குத் திரும்பி வந்தது. அந்த நூலில் அயல்நாட்டுப் புனிதர்களின் வாழ்க்கைகள் வரிசையாக வருகின்றன. அவற்றைச் சொல்வதற்கு வாய் கொடுத்த தமிழர்களின் பெயர்களையும் எங்காவது எழுதிவைத்திருந்தால் நான் அவற்றை மனப்பாடம் செய்திருப்பேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்தக் கரைக்கே உழைத்தார். 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் இறந்த செய்தி கேட்டுப் பக்கத்து ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்ணாமல் இருந்ததாகவும் கடைகளை அடைத்ததாகவும் சேசு சபையின் குறிப்புகள் சொல்கின்றன. சலாப உரிமைக்காக இரண்டு தலைமுறையாக இரத்தம் சிந்திய கரை அது. அவருடைய உபதேசத்தை அவர்கள் ஏற்றவர்கள் அல்ல. அவர் தங்கள் மொழியில் நலம் விசாரித்ததைக் கேட்டவர்கள்.